ஆடிக் காற்றும் அரை மில்லிமீட்டர் தகடும்

வீட்டில் ஒயரிங் செய்ய உரிமம் வேண்டும். அதை வழங்குவதற்கென்றே தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. டீக்கடை வைக்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். மளிகைக் கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் வருவார். ஆனால், குடும்பம் மொத்தமும் எதன் கீழே படுத்துத் தூங்குகிறதோ அந்தக் கூரையைப் போடுகிறவருக்கு எந்த உரிமமும் தேவையில்லை. வெல்டிங் மிஷின் ஒன்று, டிரில்லிங் மிஷின் இரண்டு, ஆட்கள் நான்கு பேர், செல்போனில் கொஞ்சம் படங்கள். கோவை காந்திபுரத்தில் விசிட்டிங் கார்டு அடித்துவிட்டால் மறுநாள் முதல் அவர் ரூஃபிங் கான்ட்ராக்டர்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஜெர்மனியில் கூரைத் தொழில் நடத்த அந்தத் தொழிலில் 'மைஸ்டர்' தேர்ச்சி பெற்றவர் ஒருவர் நிறுவனத்தில் இருந்தாக வேண்டும். புயலுக்குப் பேர்போன அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கூரை ஒப்பந்தக்காரருக்குத் தனி உரிமம் உண்டு. இங்கே பொதுப்பணித் துறை ஒப்பந்தக்காரர்களை வகுப்பு வகுப்பாகப் பதிவு செய்கிறது. அது அரசு வேலைக்கு டெண்டர் போட. சரவணம்பட்டியில் மொட்டை மாடிக்கு ஷீட் போடுகிற வீட்டுக்காரருக்கு அந்தப் பட்டியலால் பெரிய பயன் இல்லை.

கொங்கு நாட்டில் இந்தக் காலி இடத்தை நிரப்புவது உறவும் பழக்கமும்தான். "எங்க பெரியப்பா தோட்டத்துல அவருதானுங்க போட்டாரு" என்ற ஒரு வாக்கியத்தில் மூன்று லட்ச ரூபாய் வேலை கைமாறிவிடும். விலை பேசும்போதுகூட, "நமக்குள்ள என்னுங்க எழுத்து, பாத்துப் பண்ணிக்கலாமுங்க" என்று ஒரு சிரிப்பு. கேட்பவருக்கும் கூச்சம், சொல்பவருக்கும் வசதி. இந்த மரபை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பம்ப்செட்டும் பஞ்சாலையும் தறியும் இந்த மண்ணில் வளர்ந்ததில் வாய்ச்சொல் நம்பிக்கைக்கு நிறையப் பங்கு உண்டு. ஆனால் நல்ல மனிதர் என்பதற்கும் நல்ல கூரை என்பதற்கும் நடுவே ஒரு அளவுகோல் இருக்கிறது. அதைக் கையில் எடுப்பதைத்தான் நாம் மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சோமனூரில் விழுந்தது

2017 செப்டம்பர் 7. சோமனூர் பேருந்து நிலையத்தின் கான்கிரீட் கூரை பட்டப்பகலில் இடிந்து விழுந்தது. கீழே நின்றிருந்தவர்களில் 5 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். விசைத்தறிக்குப் பேர்போன ஊர். தினமும் எத்தனையோ பேர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிய கூரை அது. பூகம்பம் இல்லை, புயல் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2019 டிசம்பர் 2 அதிகாலையில், மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து வீடுகளின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அது சுவர், இது கூரை. ஆனால் இரண்டிலும் தண்ணீர் சம்பந்தப்பட்டிருந்தது.

கான்கிரீட் கூரை ஒரே நாளில் கெடுவதில்லை. மேலே தண்ணீர் தேங்குகிறது. மயிரிழை வெடிப்பு வழியே கம்பி வரை இறங்குகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது உருவான இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் கீழ்ப்பக்கத்துக் காரையைத் தள்ளி உதிர்க்கிறது. "சீலிங் பொரிஞ்சிருக்குதுங்க, பூசிவிட்டா சரியாயிரும்" என்று ஒருவர் சொல்லும் நேரம் இதுதான். அதன்மேல் பூசினால் துரு கண்ணுக்கு மறையும், வேலையை நிறுத்தாது. உதிர்ந்த இடத்தைத் தட்டி, கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்காமல் விலை சொல்லும் ஒப்பந்தக்காரரை அன்றைக்கே காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

புதுத் தார்சு போடும்போதே இதைத் தடுக்கும் அளவுகள் IS 456 என்ற தரநிர்ணயத்தில் அச்சடித்து இருக்கின்றன. சாதாரணச் சூழலில் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் காரை மூடியிருக்க வேண்டும். அதற்குத்தான் கவர் பிளாக். ஜல்லிக்கல்லைக் கம்பிக்கு அடியில் சொருகுவது அதற்கு ஈடாகாது. கான்கிரீட்டைக் கொட்டும்போது ஏறி மிதித்தால் கல் உருண்டு, கம்பி பலகையோடு ஒட்டிவிடும். தண்ணீர் இன்னொரு கணக்கு. சாதாரணச் சூழலுக்கு எம்-20 கலவையில் சிமென்ட் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் சொச்சம், அதிலும் மணலில் இருக்கும் ஈரத்தைக் கழிக்க வேண்டும். கலவை இறுகிவிட்டது என்று மேலே நிற்கிற ஆள் குரல் கொடுத்ததும் கீழே இருந்து இன்னொரு குடம் ஊற்றுவார்கள். அந்தக் குடத்தில்தான் பத்து வருடம் கழித்து வரப்போகிற ஒழுகல் இருக்கிறது.

நீராற்றுவது சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள். இப்போது கடையில் பெரும்பாலும் கிடைக்கிற பிபிசி (PPC) எனும் கலப்பு சிமென்டுக்கு 10 நாள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது நம் கொத்தனார்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. அவசரப்படுத்துகிறவர் வீட்டுக்காரர்தான். முட்டுகளை எப்போது பிரிப்பது என்பதற்கும் அதே நூலில் கணக்கு உண்டு. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள். சென்ட்ரிங் பலகை வாடகை ஏறுகிறது என்பதற்காக ஐந்தாம் நாளே பிரிக்கத் துடிக்கிற மேஸ்திரியிடம் இந்த எண்ணைச் சொன்னால் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தொழில் தெரிந்தவர் சிரிப்பார். தெரியாதவர் தம்முடைய அனுபவம் எத்தனை வருடம் என்று ஆரம்பிப்பார்.

காற்று மேற்கில், மழை கிழக்கில்

இனி ஷீட்டுக்கு வருவோம். இன்றைக்குக் கோவையில் நடக்கிற கூரை வேலையில் பெரும்பங்கு அதுதான். வெயில் தாங்காமல் மொட்டை மாடிக்கு மேலே ஷீட், சூலூர் பக்கம் தறிக் குடோனுக்கு ஷீட், பல்லடம் உடுமலைப் பக்கம் கோழிப் பண்ணைக்கு ஷீட், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஷீட்.

பாலக்காட்டுக் கணவாய் இந்த ஊரின் ஜன்னல். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் வழிவிடுவதால் தென்மேற்குப் பருவக்காற்று நேராகக் கொங்குச் சமவெளிக்குள் நுழைகிறது. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்கு அதுதான் காரணம். ஆடியில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த ஊரில் அம்மியைவிடப் பல மடங்கு லேசான தகட்டைத்தான் தலைக்கு மேலே போடுகிறோம்.

காற்று கூரையைக் கீழே அழுத்தும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சரிவு குறைந்த ஷீட் கூரையை அது பெரும்பாலும் மேலே இழுக்கும். கட்டடங்களுக்கான காற்றுச் சுமையைச் சொல்லும் IS 875 மூன்றாம் பகுதியில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய, சில விநாடிகளே நீடிக்கும் வீச்சு அது. அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ. கட்டடத்தின் உயரத்தையும் சரிவையும் இடத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் இழுப்பு மற்ற இடத்தைவிட அதிகம். ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 4, 5 கிலோதான். மீதி இழுப்பு முழுவதையும் பிடித்து நிற்க வேண்டியது ஸ்க்ரூ, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின், தூண், தூண் நிற்கிற அடி. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிதோ அங்கே பிய்த்துக்கொண்டு போகும்.

மொட்டை மாடி ஷீட்டில் அந்த மெலிந்த கண்ணி பெரும்பாலும் கைப்பிடிச்சுவர். நாலரை அங்குலச் செங்கல் சுவரின் மேல் ஒரு பிளேட், அதில் நான்கு போல்ட், அதன்மேல் பைப். பார்க்க உறுதியாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சுவர் ஆள் விழாமல் தடுக்கக் கட்டியது. காற்று மேலே இழுக்கும்போது அதன் உச்சி வரிசைச் செங்கலைப் பிடித்துவைக்கப் பசைபோல ஒரு கலவையைத் தவிர வேறொன்றும் இல்லை. தூண், கீழே கான்கிரீட் தூணோ பீமோ இருக்கிற இடத்துக்கு நேர் மேலே தளத்தில் நிற்க வேண்டும். அப்படித் துளை போட்டால் தளத்தின் நீர்த்தடுப்பு உடையும். அந்தத் துளையை எதை வைத்து அடைக்கப்போகிறார் என்பது அடுத்த கேள்வி. பைப்பின் சுவர் கனம் எவ்வளவு, IS 4923 முத்திரை இருக்கிறதா, வெல்டிங் முழுச்சுற்றா அல்லது பொட்டு வைத்ததுபோல நான்கு இடத்திலா, பெயின்டுக்கு முன் பிரைமர் உண்டா என்பதையும் கூடவே கேட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால் ஒரு ஒப்பந்தக்காரரைச் சோதிக்க ஒரே கேள்வி போதும் என்பேன். "முதல் ஷீட்டை எந்தப் பக்கத்துலிருந்து ஆரம்பிப்பீங்க?"

முகடு கிழக்கு மேற்காக ஓடுகிற கூரை என்று வைத்துக்கொள்வோம். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. அப்படியானால் முதல் ஷீட்டைக் கிழக்கு ஓரத்தில் வைத்து, மேற்கு நோக்கி ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அப்போது ஒவ்வொரு ஒட்டின் விளிம்பும் கிழக்கே பார்க்கும், காற்று அதன் முதுகின் மேல் வழுக்கிப் போகும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு விளிம்பும் காற்றுக்கு வாய் திறந்து நிற்கும். இது பழைய சிமென்ட் ஷீட் காலத்திலிருந்தே உள்ள விதி.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்று மேற்கிலிருந்து வருகிறது, மழையோ பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. காற்றுக்குச் சரியாகப் போட்ட ஒட்டு, மழைக்கு வாய் திறந்திருக்கும். எனவே பக்கவாட்டு ஒட்டை ஒரு மடிப்போடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள், அல்லது நடுவே பியூட்டைல் டேப் ஓட்டுவார்கள். நீளவாக்கில் ஷீட்டோடு ஷீட் சேரும் இடத்தில் 150 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மேலேற்றம் இருக்கும். இந்த இரண்டு திசைகளையும் யோசித்துப் பதில் சொல்கிற ஆள் உங்கள் ஊர்க் கூரையைப் புரிந்துகொண்டவர். "எந்தப் பக்கம் ஆரம்பிச்சா என்னுங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்பவர் சென்னையிலும் இதையேதான் சொல்வார்.

0.50 என்பது எதுவரை 0.50?

கோவை அளவுக்குப் பேர்போன ஊர். பீளமேட்டிலும் கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் லேத் பட்டறைகளில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஷாஃப்ட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். மேஜை டிராயரைத் திறந்தால் மைக்ரோமீட்டர் இருக்கும். அந்தப் பட்டறைக்காரரே தன் கூரைக்கு ஷீட் வாங்கும்போது விரலால் தட்டிப் பார்த்து, "நல்ல கனமா இருக்குதுங்க" என்று திருப்திப்படுகிறார். இதைவிட விசித்திரம் வேறு இல்லை.

கலர் ஷீட்டில் 0.50 என்று எழுதியிருந்தால் அதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு பூச்சு? அலுமினியமும் துத்தநாகமும் கலந்த உலோகப் பூச்சு உள்ளே, அதன் மேலே பிரைமரும் பெயின்டும். AZ150 என்றால் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் உலோகப் பூச்சு, பக்கத்துக்கு 20 மைக்ரான் அளவு. பெயின்டையும் கூட்டினால் மொத்தப் பூச்சு 0.07 மில்லிமீட்டரை எட்டும். ஆக, எல்லாம் சேர்த்து 0.50 என்றால் அசல் தகடு 0.43 பக்கம்தான். தப்பில்லை, ஆனால் கொட்டேஷனில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். மொத்தக் கனமா, இரும்பின் கனமா, AZ150-ஆ AZ70-ஆ? பூச்சு பாதியானால் துருப்பிடிக்காமல் நிற்கும் காலமும் சுருங்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே நீலம்.

மைக்ரோமீட்டர் இல்லாதவர் தராசை வைத்துப் பார்க்கலாம். 1,220 மில்லிமீட்டர் அகலச் சுருளிலிருந்து மடித்தெடுத்த 10 அடி ஷீட், அதில் இரும்பு 0.45 என்றால் 13 கிலோவுக்கு மேல் நிற்கும். 0.35 என்றால் 11 கிலோவைத் தாண்டாது. லாரியில் வந்திறங்கியதும் ஒரே ஒரு ஷீட்டைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தால் கதை தெரிந்துவிடும். முத்திரையைப் பார்க்க இன்னொரு வழி உண்டு. இவ்வகைப் பூச்சுத் தகடுகளுக்கு IS 15961, பெயின்ட் அடித்தவற்றுக்கு IS 15965 என்று இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் அளவைகள் இருக்கின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் CM/L எண்ணை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் அந்த உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். அரை நிமிட வேலை.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். ஷீட்டைக் கிரைண்டரால் வெட்டினால் தீப்பொறி பூச்சைச் சுட்டுவிடும், அங்கிருந்துதான் துரு கிளம்பும். நல்ல டீம் தகடு வெட்டுகிற கத்திரியோ நிப்ளரோ வைத்திருக்கும். ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் இறங்குகிறதா பள்ளத்திலா என்று பாருங்கள். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். ஸ்க்ரூவின் கீழுள்ள ரப்பர் வாஷர் நசுங்கி வெளியே பிதுங்கக் கூடாது, தளர்ந்தும் நிற்கக் கூடாது. துளையிட்டபோது உதிர்ந்த இரும்புத் தூளை அன்று மாலையே பெருக்கித் தள்ளுகிறார்களா? தள்ளாவிட்டால் முதல் பனியிலேயே ஷீட் முழுக்கச் செம்புள்ளி விழும். துடைப்பம் கொண்டுவரும் கான்ட்ராக்டரை நான் நம்புவேன்.

ஓடு, அட்டை, மெட்ராஸ் டெரஸ்

ஷீட்டுக்கு முன்னே கொங்கு நாட்டுக் கூரை ஓட்டுக் கூரை. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழியே பரவிய பள்ளமும் மேடுமான ஓடு, கணவாய் தாண்டி இங்கே வந்து நாட்டு ஓட்டை ஓரங்கட்டியது. அதற்கும் IS 654 என்று அளவை உண்டு. முதல் தர ஓடு தன் எடையில் 18 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. காய்ந்த ஓட்டை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, துடைத்து மறுபடி எடைபோட்டால் வீட்டிலேயே தெரிந்துவிடும். பழைய ஓட்டுக் கூரையைப் புதுப்பிக்க ஆள் தேடுகிறவர் ஓட்டைவிட ரீப்பரையும் கைமரத்தையும் பார்க்கிற ஆசாரியைத் தேட வேண்டும். ஓடு கெட்டு ஒழுகும் வீட்டைவிட மரம் தொய்ந்து ஒழுகும் வீடுதான் அதிகம்.

சிமென்ட் அட்டைக்கு வருவோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கோவைக்கு அந்நியம் இல்லை. போத்தனூரில் அதைத் தயாரிக்கும் ஆலையே பல பத்தாண்டுகளாக இருந்து வந்தது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. அதன் எல்லா வகைகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வரிசைப் புற்றுநோய்க் காரணிகளில் வைத்திருக்கிறது. இந்தியாவில் ஷீட் விற்பனைக்குத் தடை இல்லை. கூரையில் உடையாமல் கிடக்கிற அட்டையைவிட, அதைக் கழற்றும்போது எழும் தூசிதான் பெரிய ஆபத்து. பழைய அட்டையை எடுத்துவிட்டுக் கலர் ஷீட் போட வருகிறவர் சுத்தியலால் அடித்து உடைத்துக் கீழே தள்ளினால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். கிரைண்டர் கூடவே கூடாது.

மெட்ராஸ் டெரஸ் வீடு வைத்திருக்கிறவர்கள் பொள்ளாச்சிப் பக்கத்திலும் பழைய கோவைத் தெருக்களிலும் இன்னும் இருக்கிறார்கள். மர விட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவையும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேலே தட்டோடு பதித்த கூரை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் அந்தச் சுண்ணாம்புக்குப் போகும். அதற்கும்கூட IS 2119 என்று முறை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூரையில் சிமென்ட்டைக் குழைத்துப் பூசி, மேலே ரப்பர் பெயின்ட் அடிக்க வருகிறவரைக் கும்பிட்டு அனுப்புங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடுகிற பொருள், மேலே அடைத்தால் ஈரம் கீழே விட்டத்துக்கு இறங்கி மரத்தைத் தின்னும்.

எழுத்தில் இருப்பது

வாய்ப்பேச்சில் வேலையைக் கொடுத்தால் முதல் சண்டை சதுரடியில் வரும். ஷீட்டின் மேலேற்றத்தையும் சேர்த்து அளப்பாரா, தரையின் அகலத்தை அளப்பாரா, சரிவின் நீளத்தை அளப்பாரா? இதற்கும் அளவை இருக்கிறது. IS 1200 ஒன்பதாம் பகுதி கூரையை எப்படி அளப்பது என்று சொல்கிறது. போட்டு முடித்த கூரையின் பரப்புதான் கணக்கு. ஒன்றன் மேல் ஒன்று ஏறிய பகுதிக்குத் தனியாகக் காசு கிடையாது. கொட்டேஷனில் 'அளவு IS 1200 படி' என்று ஒரு வரி எழுதினால் அந்தச் சண்டை பிறக்கும் முன்பே செத்துப்போகும்.

அந்தக் காகிதத்தில் மேலும் சில இருக்க வேண்டும். தகட்டின் இரும்புக் கனம், பூச்சு வகுப்பு, கம்பெனிப் பெயர், பைப்பின் அளவும் கனமும், பர்லின்களுக்கு இடைவெளி, ஸ்க்ரூவின் வகை, தண்ணீர்க் குழாயும் காடியும் யார் கணக்கு, பழைய பொருளை யார் எடுத்துப்போவது. ஷீட் கம்பெனி தருகிற வாரன்டி தகட்டின் பூச்சுக்குத்தான். ஒட்டு வழியாக ஒழுகினால் கம்பெனி வராது. அதற்குப் போட்டவர்தான் பொறுப்பு என்று அவர் கையெழுத்திலேயே வாங்க வேண்டும்.

பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் முக்கால்வாசியை முன்பணமாகக் கொடுத்துவிடுவோம், கேட்கிறவர் தெரிந்தவர் ஆயிற்றே. அரசு ஒப்பந்தங்களில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு, குறை தீர்க்கும் பொறுப்புக் காலம் முடிந்த பிறகுதான் விடுவார்கள். அதையே வீட்டு வேலைக்கும் கொண்டுவரலாம். பத்தில் ஒரு பங்கு, ஒரு ஆடியும் ஒரு ஐப்பசியும் கடந்த பிறகு. இதைச் சொன்னதும் ஒத்துக்கொள்கிறவர் தம் வேலை மீது தாமே பந்தயம் கட்டுகிறார்.

பில் இல்லாமல் முடித்தால் விலை குறையும் என்று ஒரு பேச்சு வரும். ஒப்பந்த வேலைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆசை எழத்தான் செய்யும். அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடித்தவரின் கையில், கூரை ஒழுகும்போது, அவர்தான் போட்டார் என்று சொல்ல ஒரு காகிதமும் இருக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வீடு கட்டித்தருவதைச் சேவை என்றே வரையறுக்கிறது. காசு வாங்கிக்கொண்டு கூரை போட்டுத் தருவதும் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்ச ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். குறை தெரிந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். தறிக் குடோனுக்கோ கம்பெனிக்கோ போட்ட கூரை என்றால் அது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அங்கே ஒப்பந்தக் காகிதத்தின் பலம் இன்னும் முக்கியம்.

அடுக்குமாடியில் பிளாட் வாங்கியவர்களுக்கு ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கூடுதல் பிடி தருகிறது. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்திறத்திலோ குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். சொந்த நிலத்தில் மேஸ்திரி வைத்துக் கட்டியவருக்கு அந்தப் பிடி இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறையில் 2,500 சதுரடி மனையில் 3,500 சதுரடி வரையிலான வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைத்துவிடுகிறது. அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களுக்குப் பெரிய நிம்மதி. கூடவே, அனுமதிக்கு முன் ஒரு அதிகாரி வந்து பார்ப்பார் என்ற நினைப்பும் போய்விட்டது.

மேலே ஏறுகிறவர்

ஒப்பந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்பதை அவர் ஆட்களிடம் பார்க்கலாம். பழைய அட்டைக் கூரையில் ஆள் நேராக மிதித்து நடந்தால் உடைந்து கீழே விழுவார். மிதித்து ஏறப் பலகை வேண்டும், உடம்பில் பெல்ட் வேண்டும், பெல்ட்டை மாட்ட உறுதியான கயிறு வேண்டும். பெல்ட்டுக்கு IS 3521 அளவை இருக்கிறது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது, அதில் பதிவு செய்த தொழிலாளிக்கு விபத்து உதவி உண்டு. இன்று கோவையில் ஷீட் போடுகிற பையன்களில் பலர் பீகாரிலும் ஒடிசாவிலும் இருந்து வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் பெயர் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறது என்று கேளுங்கள். தன் ஆள் உயிருக்குப் பலகை வாங்காதவர் உங்கள் ஷீட்டுக்கு நல்ல வாஷர் வாங்குவார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

செல்போனில் காட்டுகிற படங்கள் எல்லாம் போட்ட அன்று எடுத்தவை. அன்றைக்கு எல்லாக் கூரையும் அழகுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் போட்ட ஒரு கூரையின் விலாசம் கேளுங்கள், முடிந்தால் மழை பெய்கிற நாளில் போய்ப் பாருங்கள். ஸ்க்ரூ தலைக்குக் கீழே துருக்கோடு இறங்கியிருக்கிறதா, காடியில் தண்ணீர் தேங்குகிறதா, மேற்கு ஓரத்து ஷீட் ஆடியில் சத்தம் போடுகிறதா. கடைசியாக, ஒழுகிய அன்று போன் செய்தபோது அவர் வந்தாரா என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். ஐயாவிடம் கேட்டுப் பயனில்லை, அதற்குள் இருவரும் நெருங்கிய சிநேகிதர்கள் ஆகியிருப்பார்கள்.